பக்கத்து வயலில் களை மருந்து, நம் வீட்டில் கீரைப்பாத்தி: புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு

மண் வாங்குவதற்கு முன், விதை வாங்குவதற்கும் முன், ஒரு நாள் காலையில் உங்கள் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். சாரல் விழுகிற மாதத்தில் எல்லா வரப்பும் பச்சையாகத்தான் இருக்கும். அதில் ஒரு வரப்பு மட்டும் வைக்கோல் நிறத்தில் காய்ந்து கிடந்தால், அங்கே களை மருந்து அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வெட்டிய புல்லில் வெட்டுவாய் தெரியும், அடியில் நாலு நாளில் துளிர் வந்துவிடும். மருந்தில் செத்த புல் நின்ற நிலையிலேயே செத்திருக்கும், துளிர் இருக்காது. எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் அந்த வரப்பு இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பாத்தி எங்கே வரவேண்டும் என்பதை முடிவு செய்யப்போவது அந்தத் தாள்தான்.

நான் இருப்பது கம்பம் பள்ளத்தாக்கில், கூடலூர் பக்கம். வாசலில் நின்றால் குமுளி மலை தெரியும். வீட்டுக்கு மேற்கே நெல் வயல், அதைத் தாண்டித் திராட்சைப் பந்தல். எங்கள் பக்கத்துக் காய்கறி தினமும் லாரி ஏறி மலையைத் தாண்டிக் கேரளாவுக்குப் போகிறது. 2015ல் தமிழ்நாட்டுக் காய்கறியில் மருந்து எச்சம் இருக்கிறது என்று கேரளா கெடுபிடி காட்டியபோது ஊரே கொதித்தது. வியாபாரம் போகிறதே என்ற கோபம் நியாயமானது. ஆனால் அதே காயைத்தானே நாமும் சாப்பிடுகிறோம் என்ற கேள்வி அன்றைக்கு எனக்குள் விழுந்தது. அதற்குச் சில வருஷம் கழித்து வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட் இடத்தில் தோட்டம் போட ஆரம்பித்தேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுத் தோட்டத்துக்குக் களை மருந்து தேவையே இல்லை. ஒரு சென்ட் இடத்துக் களையை எடுக்கத் தினம் பத்து நிமிடம் போதும். நாம் பயப்பட வேண்டியது வேறு: நாம் வாங்காத மருந்து, நமக்குத் தெரியாமல் நம் பாத்திக்குள் வந்து சேர்வது. காற்றில் வரும், வாய்க்காலில் வரும், மண்ணில் வரும், இரவல் வாங்கிய டேங்கில் வரும். புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தருவதில்லை. எனக்கும் சொல்லவில்லை.

டேங்கு

முதல் ஆடிப்பட்டத்தில் தக்காளி, அவரை, வெண்டை எல்லாம் நன்றாக வந்தது. தக்காளியில் வெள்ளை ஈ தெரிந்ததும் வேப்பெண்ணெய் அடிக்கலாம் என்று பக்கத்து வயல் அண்ணனிடம் முதுகில் மாட்டுகிற டேங்கை இரவல் கேட்டேன்.

"கழுவித்தான அண்ணே வச்சிருக்கீங்க?"

"ரெண்டு தடவ அலசிட்டேன்மா. தைரியமா அடி."

மூன்றாம் நாள் தக்காளிக் கொழுந்தெல்லாம் கொக்கி மாதிரி கீழே வளைந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். ஒரு வாரத்தில் புதிதாக வந்த இலைகள் அகலமே இல்லாமல் நாடா மாதிரி நீண்டு, நரம்புகள் பனையோலை விசிறி போல நெருக்கமாக ஓடின. அவரை இலை உள்ளங்கை குவித்த மாதிரி குவிந்துவிட்டது. தண்டை விரலால் தடவினால் அடியில் வீங்கி வெடித்திருந்தது. அந்த அண்ணன் வேலியோரம் வந்து பார்த்துவிட்டு வெகு நேரம் பேசவில்லை. "இம்புட்டுண்டு மருந்து இப்படிச் செய்யுமா..." என்றார். நெல்லுக்கு 2,4-டி என்ற களை மருந்து அடித்த டேங்கு அது. நாற்பது செடியையும் பிடுங்கிப் போட்டேன்.

அவர்மேல் குற்றமில்லை. இரண்டு தடவை தண்ணீரில் அலசினால் போய்விடும் என்றுதான் எல்லாரும் நம்புகிறார்கள். 2,4-டி டேங்கின் ரப்பர் வளையத்திலும் ஓஸ் குழாயிலும் ஊறித் தங்கிவிடும். தக்காளி, திராட்சை, பருத்தி, வெண்டை போன்றவற்றுக்கு அதன் வாடையே போதும். ஆகவே முதல் செலவாக ஒன்றோ இரண்டோ லிட்டர் பிடிக்கிற கைத்தெளிப்பான் ஒன்றைச் சொந்தமாக வாங்குங்கள். அதை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். யாரிடமும் வாங்காதீர்கள்.

எந்த மருந்து என்ன செய்யும்

கடைக்காரர்கள் எல்லாவற்றையும் "களை மருந்து" என்ற ஒரே பெயரில் கொடுப்பார்கள். உள்ளே இருப்பது வேறு வேறு. அக்கம்பக்கத்தில் என்ன அடிக்கிறார்கள் என்று பெயரோடு கேட்டு வையுங்கள். டப்பாவைப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

கிளைபோசேட் 1974ல் ரவுண்டப் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. இலையில் பட்டு வேர் வரை இறங்கி, செடிக்கு வேண்டிய சில அமினோ அமிலங்கள் உருவாகாதபடி தடுத்துவிடும். செடிக்குள்ளேயே ஓடுகிற மருந்து என்பதால் காயைக் கழுவினால் முழுதாகப் போகாது. 2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதத்தக்க 2ஏ பிரிவில் வைத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அதை ஏற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் இன்னும் 10 ஆண்டுக்கு அனுமதியை நீட்டித்தது. பெரிய பெரிய அமைப்புகளே ஒத்துப்போகாத இடத்தில் தீர்ப்புச் சொல்ல எனக்குப் படிப்பில்லை. ஆனால் சந்தேகம் தீராத ஒரு பொருளை என் பிள்ளைகள் தின்னும் கீரைக்குப் பக்கத்தில் விட எனக்கு மனம் வராது.

நம் நாட்டில் கிளைபோசேட்டுக்குப் பதிவு இருப்பது தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லாத இடத்துக்கும்தான். கேரள அரசு 2019 பிப்ரவரியில் அதைத் தடை செய்தது. 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் வழியாக மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்று அறிவித்தது. காய்கறித் தோட்டத்து வரப்பில் அடித்துவிட்டு மறுநாள் அதே வரப்பில் கீரை பறிப்பது எந்தச் சட்டத்திலும் இல்லாத வழக்கம்.

பாராகுவாட் பட்ட இடத்தை மட்டும் எரிக்கும். அடித்த அன்றே இலை கருகும். இதற்கு மாற்று மருந்தே கிடையாது. கொஞ்சம் வாய்க்குள் போனாலும் நுரையீரல் பாழாகும். சோடா பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைத்த மருந்தை யாராவது பானம் என்று நினைத்துக் குடித்துவிடுவதுதான் கிராமத்தில் பெரிய ஆபத்து. உங்கள் வீட்டில் யாரோ எப்போதோ அப்படி ஊற்றிவைத்த பாட்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே மாட்டுக்கொட்டகைப் பரண் வரை தேடிப் பாருங்கள்.

2,4-டி நெல்லில் அகன்ற இலைக் களைக்கு, நட்டு மூன்று வாரம் ஆனதும் அடிப்பது. இங்கேதான் எங்கள் பள்ளத்தாக்குக்கே உரிய சங்கடம் இருக்கிறது. முல்லைப் பெரியாறு தண்ணீர் ஜூனில் திறந்தால் நடவு தொடங்கும். மருந்து அடிக்கும் நேரம் ஆனி, ஆடியில் வந்து விழும். கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று மரத்தை முறிக்கிற மாதிரி வீசும் மாதமும் அதுதான். நாம் ஆடிப்பட்டம் தேடி விதைத்த தக்காளியும் அவரையும் இளசாக நிற்பதும் அப்போதுதான்.

அட்ராசின் மக்காச்சோளத்துக்கும் கரும்புக்கும் அடிப்பது. மண்ணில் மாதக்கணக்கில் தங்கும். மக்காச்சோளத்துக்கு ஒன்றும் ஆகாது. அந்த மண்ணில் அடுத்து அவரை போட்டால் அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகிக் காயும்.

டப்பாவில் இருக்கும் முக்கோணத்தின் நிறத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். சிவப்பு கடும் விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசி பச்சை. "பச்சை முக்கோணம்தான், ஒன்றும் செய்யாது" என்று கடையில் சொல்வார்கள். உடனே உயிரைப் பறிக்குமா என்பதற்கான அளவு மட்டுமே அது. பல வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்த நிறம் சொல்லாது.

பாத்தி போடும் இடம்

மருந்து அடிக்கும் வயலுக்கும் உங்கள் பாத்திக்கும் நடுவில் வீட்டுச் சுவர் இருந்தால் அதைவிட நல்ல தடுப்பு கிடையாது. எங்கள் பக்கம் காற்று மேற்கிலிருந்து வருவதால் வீட்டின் கிழக்குப் பக்கம் கீரையும் தக்காளியும், மேற்குப் பக்கம் வேலி என்று இப்போது மாற்றிவிட்டேன். வெயில் மட்டும் ஐந்து, ஆறு மணி நேரமாவது விழ வேண்டும். வேலிக்கு நொச்சி, ஆடாதோடை, செம்பருத்தி மூன்றையும் இரண்டு வரிசையாக, ஒன்றின் இடைவெளியில் மற்றது வருமாறு நடுங்கள். ஆடு கடிக்காத ஆடாதோடை வெளிவரிசையில் இருக்கட்டும். வேலி ஆள் உயரம் வர ஒன்றரை வருஷம் ஆகும். அதுவரை பச்சை நிழல்வலையை மூங்கிலில் கட்டிவிட்டால் பறந்து வரும் துளியில் பெரும்பகுதியை அது பிடித்துக்கொள்ளும்.

வேலியோரத்தில் முதலில் துவரை ஊன்றுங்கள். நிழல் தரும், இலை உதிர்த்து மண்ணுக்கு உரமாகும், பருப்பும் கிடைக்கும். கனடாவில் மசூர்ப் பருப்பு அறுவடைக்கு முன்னால் களை முழுவதும் சாகட்டும் என்று கிளைபோசேட் அடிக்கும் வழக்கம் உண்டு. அந்த மசூர் நம் மளிகைக் கடைக்கும் வருகிறது. வருஷத்துப் பருப்பு முழுவதையும் வீட்டில் விளைவிக்க முடியாதுதான். ஆனாலும் நாலு துவரைச் செடியில் பச்சைத் துவரையாக உரித்து வைக்கும் குழம்பு பெரிய சந்தோஷம்.

நிலம் இல்லாதவர்கள் மாடியிலோ, கூரைத் தாழ்வாரத்து ஓரத்திலோ பையில் போடலாம். குமுளி, வண்டிப்பெரியார் பக்கம் எஸ்டேட் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் நம் ஆட்களுக்கு இதுதான் தோதான வழி. எஸ்டேட் ஓரத்து மண்ணில் ஊன்றுவதைவிட, வாசல்படிக்குப் பக்கத்தில் பையில் வைப்பது பாதுகாப்பு. அந்தப் பக்கத்து மண் புளிப்பு மண். தரையிலேயே பாத்தி போடுவதானால் சென்ட்டுக்கு 2 கிலோ அளவில் சுண்ணாம்பு கலந்து, இரண்டு வாரம் விட்டு எரு போட வேண்டும்.

மருந்து டிரம், மருந்து கேன் இவற்றை வெட்டித் தொட்டியாக்காதீர்கள். எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய இரும்புக் கடையில் வாங்கும்போது உள்ளே முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள்.

மண்ணும் எருவும் நம்பிக்கைக்கு உரியவையா என்று எப்படிப் பார்ப்பது

செம்மண் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு. பைக்கும் தொட்டிக்கும் இந்தக் கலவை போதும். ஒரு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு சேருங்கள். நார்க்கழிவை இரண்டு முறை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். உப்பு இருக்கும்.

டிராக்டரில் மண் அடிக்கிறவரிடம் விலை கேட்பதற்கு முன், "இது எந்தக் காட்டு மண்? அங்கே போன வெள்ளாமை என்ன?" என்று கேளுங்கள். மக்காச்சோளமோ கரும்போ என்றால் நான் வாங்க மாட்டேன். எரு வாங்கும்போது, மாடு எங்கே மேய்கிறது என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். இரண்டு முறை கேட்டால் பழகிவிடும்.

கேட்டும் திருப்தி இல்லையென்றால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஆறு சின்னத் தொட்டியோ தயிர் டப்பாவோ எடுத்து அடியில் ஓட்டை போடுங்கள். மூன்றில் சந்தேகமான மண்ணையோ எருக்கலவையையோ நிரப்புங்கள். மூன்றில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த, மருந்தே படாத மண்ணை நிரப்புங்கள். ஒவ்வொன்றிலும் நாலு தட்டைப்பயறு ஊன்றி, எல்லாவற்றையும் ஒரே வெயிலில், ஒரே அளவு தண்ணீரில் வளருங்கள். இரண்டு வரிசையும் ஒன்றின் தண்ணீர் இன்னொன்றில் வழியாதபடி தள்ளியிருக்கட்டும். மூன்று வாரம் பாருங்கள். சந்தேகமான தொட்டிகளில் மட்டும் இலை குவிந்தாலோ, கொழுந்து முறுக்கினாலோ, அடியிலை ஓரம் மஞ்சளாகிக் காய்ந்தாலோ அந்த மண்ணை உணவுப் பயிருக்குப் பயன்படுத்தாதீர்கள். கிளைபோசேட்டை இந்தச் சோதனை காட்டாது. அது மண்ணோடு ஒட்டிக்கொண்டுவிடுவதால் விதை முளைப்பதைத் தடுக்காது. அதற்குக் கேள்வி கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை.

எருவை ஆறு மாதம் குவித்து, இடையில் இரண்டு மூன்று முறை புரட்டி மக்க வைத்தால் பெரும்பாலான மருந்துகள் சிதையும். குவியலின் உள்ளே கைவைக்க முடியாத சூடு வந்தால் களை விதைகளும் சாகும். பச்சைச் சாணத்தை அப்படியே போட்டால் மாடு தின்ற களை விதையை நீங்களே விதைத்ததாகிவிடும்.

மண்ணை மூடிவைக்கும் மூடாக்குக்கு வைக்கோல் வாங்கினாலும் இதே கேள்விதான். நான் வேலியில் விழும் துவரை இலையும், தென்னங்கீற்றும், கடலைத்தொலியும் போடுகிறேன். தண்ணீருக்குக் கிணறோ வீட்டுக் குழாயோ இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். வயலிலிருந்து வடிந்து வரும் வாய்க்கால் தண்ணீரை, மருந்து அடித்த வாரத்தில் மட்டுமாவது பாத்திக்குத் திருப்பாதீர்கள்.

விதைக்கு முன்னால் களையை முளைக்க விடுங்கள்

முதல் பட்டத்தில் மூன்று பாத்திக்கு மேல் போடாதீர்கள். பாத்தி மூன்றடி அகலம் இருந்தால் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கை எட்டும். உள்ளே மிதிக்க வேண்டியிருக்காது. நீளம் உங்கள் இடத்தைப் பொறுத்தது.

பாத்தியைக் கொத்தி, எரு கலந்து, சமப்படுத்தி, விதை போடாமல் தண்ணீர் மட்டும் தெளியுங்கள். ஏழிலிருந்து பத்து நாளில் பச்சைப் பாய் விரித்த மாதிரி களை முளைக்கும். வெயில் ஏறியதும் களைக்கொத்தியால் மேல் மண்ணை அரை அங்குலம் மட்டும் சுரண்டுங்கள். ஆழமாகக் கொத்தினால் அடியில் தூங்கும் விதை மேலே வந்துவிடும். இப்படி இரண்டு முறை செய்துவிட்டு விதைத்தால் பிறகு களை எடுக்கும் வேலை பாதியாகக் குறையும். பொறுமை இல்லாமல் இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் ஒரு மாதம் கழித்துக் களை மருந்துக் கடை வாசலில் நிற்கிறார்கள்.

சித்திரை, வைகாசியில் ஆரம்பிப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பாத்தியை நன்றாக நனைத்து, கண்ணாடி மாதிரி தெளிந்த பாலித்தீன் தாளை இழுத்து மூடி, நாலு ஓரமும் மண் அணைத்து ஆறு வாரம் விடுங்கள். கருப்புத் தாள் வேண்டாம். வெயில் உள்ளே இறங்க வேண்டும். மேல் மண்ணில் இருக்கும் களை விதை வெந்துபோகும். கோரை மட்டும் இதற்கு மசியாது.

கோரைக்குத் தனி வைத்தியம். மேலே இழுத்தால் புல் வந்துவிடும், கிழங்கு அடியில் சங்கிலி மாதிரி கோத்துக் கிடக்கும். முள்ளுக் கொத்தியால் தோண்டி, கிழங்கைப் பொறுக்கிக் கோடை வெயிலில் காய வைக்க வேண்டும். மிச்சம் முளைக்கும். நாலைந்து இலை விடுவதற்குள் மறுபடி எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் கிழங்கு தன் சேமிப்பைச் செலவழித்து இளைக்கும். நிழலைக் கோரை தாங்காது. அந்த இடத்தில் ஒரு பட்டம் சர்க்கரைவள்ளிக் கொடியை அடர்த்தியாக ஓடவிடுங்கள். எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. இப்போது தேடினால் நாலு கோரை கிடைக்கும். அருகம்புல்லும் இப்படித்தான், கணுவோடு தோண்டி எடுக்க வேண்டும்.

உப்பும் வினிகரும் கலந்து அடித்தால் களை சாகும் என்று சிலர் சொல்வார்கள். சாகும்தான். உப்பு மண்ணிலேயே தங்கும், அதன்பிறகு அங்கே எதுவும் சரியாக வராது. செய்யாதீர்கள்.

களை எது, கீரை எது

என் அப்பத்தா நாற்பது வருஷம் களை எடுக்கப் போனவர். மடியில் எப்போதும் ஒரு முடிச்சுக் கீரையோடுதான் வீட்டுக்கு வருவார். தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, தரைப்பசலை, மூக்கிரட்டை. காட்டுக்காரருக்கு அது களை, எங்கள் வீட்டுக்கு அது ராத்திரிக் கடைசல். களை மருந்து வந்தபின் அந்த முடிச்சு நின்றுபோனது. கூலி போனதைப் பற்றிப் பேசுவார்கள், இந்தக் கீரை போனதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆகவே பாத்தியில் முளைத்ததையெல்லாம் பிடுங்காதீர்கள். தெரிந்த ஒரு பெரியவரை அழைத்து ஒருமுறை காட்டுங்கள். ஒரு மூலையில் தரைப்பசலையும் மணத்தக்காளியும் தானாக வரட்டும். பார்த்தீனியத்தை மட்டும் பூக்கும் முன் கையுறை போட்டு வேரோடு பிடுங்கிவிடுங்கள். சிலருக்குத் தோல் அரிக்கும், மூச்சு வாங்கும். இன்னொன்று: வரப்பிலோ ரோட்டோரத்திலோ முளைத்த கீரையை இப்போது பறிக்காதீர்கள். நேற்று அங்கே மருந்து அடித்தார்களா என்று பார்த்தவுடன் தெரியாது. இலை வாட ஒரு வாரம்கூட ஆகும்.

எதை விதைக்கலாம்

முதலில் கீரை. சிறுகீரையோ தண்டுக்கீரையோ மணலோடு கலந்து தூவினால் 25 நாளில் பறிக்கலாம். ஒரு வெற்றி கையில் கிடைத்தால்தான் மனசு நிற்கும். பிறகு வெண்டை, ஒன்றரை அடி இடைவெளியில். 45 நாளில் காய்க்கும். தக்காளிக்கு எங்கள் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 இருக்கிறது. நாட்டு ருசி, இரண்டடிக்கு ஒன்று. முருங்கையிலும் பி.கே.எம். 1 உண்டு, விதை போட்ட ஆறு மாதத்தில் பூக்கும். மலைக்கு மேலே இருப்பவர்கள் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் உஜ்வலா மிளகாயையும் அருண் சிவப்புக் கீரையையும் கேட்டு வாங்குங்கள். புளிப்பு மண்ணில் செடி திடீரென்று வாடுகிற நோயை உஜ்வலா தாங்கும். அங்கே கிருஷி பவன் என்கிற வேளாண் அலுவலகத்தில் ஓணத்துக்கு ஒரு முறம் பச்சைக்கறி என்ற திட்டத்தில் விதைப் பொட்டலம் கொடுப்பார்கள்.

பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். 50 கிராம் கொட்டையை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவெல்லாம் ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் அடியுங்கள். சொந்தத் தெளிப்பானில்.

இலை சுருண்டால்: நோயா, மருந்தா?

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. வெள்ளை ஈ கொண்டுவரும் வைரசும் இலையைச் சுருட்டும், மிளகாயில் இலைப்பேனும் சிலந்திப்பேனும் சுருட்டும், மருந்தும் சுருட்டும். ஒரு செடியை மட்டும் பார்த்தால் தெரியாது. தோட்டம் முழுவதையும் பாருங்கள்.

நோய் என்றால் ஒரு பயிரில், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கி மெல்லப் பரவும். இலையைத் திருப்பினால் பூச்சி இருக்கும். மருந்து என்றால் ஒரே வாரத்தில் தக்காளி, அவரை, வெண்டை என்று சம்பந்தமில்லாத பல செடிகளில் ஒன்றாகத் தெரியும். வயலைப் பார்த்த பக்கம் அதிகமாக இருக்கும், தள்ளிப் போகப்போகக் குறையும். வேலியில் நிற்கும் களைச்செடிகூட முறுக்கியிருக்கும். கொழுந்துதான் முதலில் கெடும், பழைய இலை அப்படியே நிற்கும். பக்கத்தில் திராட்சைப் பந்தல் இருந்தால் அதன் கொழுந்தைப் பாருங்கள். திராட்சை இலையின் ஓரம் விசிறி மாதிரி பல்பல்லாக மாறியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அடிக்கும்போதே பார்த்துவிட்டால் உடனே செடிகளின் மேல் நல்ல தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். பிள்ளைகளை உள்ளே அனுப்புங்கள். துளி உடம்பில் பட்டால் சோப்புப் போட்டுக் குளியுங்கள், துணியைத் தனியாகத் துவையுங்கள். யாராவது விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108க்குப் போன் செய்து, மருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். டாக்டருக்கு அந்த லேபிள்தான் வேண்டும்.

பாதித்த கீரையையும் காயையும் சமைக்காதீர்கள், மாட்டுக்கும் எருக்குழிக்கும் போடாதீர்கள். தேதியோடு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு தோட்டக்கலைத் துறை அலுவலகத்திலோ, தேனிப் பக்கம் என்றால் காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் மையத்திலோ காட்டுங்கள். போக முடியாதவர்கள் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டரில் தமிழிலேயே கேட்கலாம். முருங்கை, கறிவேப்பிலை போன்ற மரங்களை வெட்டிவிடாதீர்கள். அடுத்த துளிர் நன்றாக வந்தால் பிழைத்துக்கொள்ளும்.

பக்கத்து வயல்காரரிடம் பேசுவது

இதைக் கடைசியில் சொல்கிறேன், ஆனால் விதை போடும் முன்பே செய்ய வேண்டும். சண்டையாகப் போகாதீர்கள். களை எடுக்க ஆள் கிடைக்காமல், கூலி கட்டுப்படியாகாமல்தான் அவர்கள் மருந்துக்குப் போகிறார்கள். நான் அந்த அண்ணனிடம் கேட்டது மூன்றே மூன்றுதான். அடிக்கும் முந்தின நாள் சாயங்காலம் ஒரு போன். காற்று எழும்பாத விடிகாலையில் அடிப்பது, எங்கள் வேலியை ஒட்டிய நாலு வரிசையை மட்டும் கையால் களை எடுப்பது. "இம்புட்டுத்தான் அண்ணே" என்றேன், "மூணு கேட்டிருக்க" என்று அண்ணி சிரித்தார், ஆனால் ஒத்துக்கொண்டார்கள். அந்த நாலு வரிசைக்கு முதல் வருஷம் நானே கூடப் போய் உட்கார்ந்து களை எடுத்தேன்.

போன் வந்ததும் பாத்திகளைப் பழைய சேலையால் மூடி, ஓரத்தில் கல் வைத்து, மறுநாள் மதியம் எடுப்பேன். சேலைகளைத் தனியாக அலசிக் கொடியில் போடுவேன். போன ஆடியில் மூன்று முறை போன் வந்தது. தக்காளி ஒன்றும் வளையவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் அவர்கள் வீட்டுக்கு ஒரு கட்டு தண்டுக்கீரை போகிறது.